அந்தப் பக்கம் பீஸ் போயிடுச்சு

லீலாவதி: …அவுங்ககிட்ட சொல்லிடுங்க தம்பி. மெயினை ஆஃப் பண்ணப் போறோம். மிக்சி கிரைண்டர் ஓடுனா நிறுத்திக்கச் சொல்லுங்க.

அறிவரசன்: பெரியம்மா, அவுங்க இங்கதான நிக்கிறாங்க. கதவுகிட்ட.

லீலாவதி: சரி, சொல்லுங்க.

அறிவரசன்: காதுல வுழுந்திருக்குமே.

லீலாவதி: வுழுந்திருந்தாலும் சொல்லுங்க.

அறிவரசன்: …சின்னம்மா, மெயினை ஆஃப் பண்றோம்.

சிந்தாமணி: அப்பவே நிறுத்திட்டேன்னு சொல்லுப்பா.

அறிவரசன்: யாருகிட்ட?

சிந்தாமணி: கேட்டவுங்ககிட்ட.

அறிவரசன்: பெரியம்மா, அவுங்க அப்பவே…

லீலாவதி: கேட்டுச்சு, கேட்டுச்சு.

அறிவரசன்: ஒங்களுக்கு மட்டும் நேராவே கேக்குது. நான் ஜெயங்கொண்டத்துலேர்ந்து கரண்டு வேலைக்குன்னு வந்தவன். தூது போற வேலைன்னு ஒங்க மவன் போன்ல சொல்லவே இல்ல.

லீலாவதி: இளவரசன் என்ன சொன்னான் ஒங்ககிட்ட?

அறிவரசன்: அம்மாவுக்கு ஏசி வாங்கியிருக்கேன், பழைய போர்டு தாங்காது, கழட்டிப்புட்டு புதுசு மாட்டுங்கன்னாரு. ரெண்டு வூட்டுக்கும் தனித்தனியா பொட்டி வச்சிடுங்கன்னாரு. ரெண்டாவது மீட்டருக்கும் எழுதிக் குடுத்தாச்சாம். அவ்வளவுதான் சொன்னாரு. ரெண்டு வூடும் பேசிக்காதுன்னு சொல்லல.

சிந்தாமணி: பேசாம ஒண்ணும் இல்லன்னு சொல்லு. பேச வேண்டியது இல்ல, அதான்.

லீலாவதி: ஆமாமா. பெரிய பேச்சு.

அறிவரசன்: சரி, எனக்கு ஒண்ணு வெளங்கணும். நீங்க ரெண்டு பேரும் என்ன ஒறவு?

லீலாவதி: அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவங்க. நான் பெரியவரு சம்சாரம். அவரு போய்ச் சேந்துட்டாரு.

சிந்தாமணி: நான் சின்னவரு சம்சாரம். கொளஞ்சியப்பன்னு சொன்னா இந்த ஒடையார்பாளையம் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒரு பத்திரிகையில போடத்தான் அந்தப் பேரு தெரியாமப் போச்சு.

லீலாவதி: தம்பி, போர்டைப் பாருங்க.

அறிவரசன்: பாக்குறேன். என்ன பத்திரிகை சின்னம்மா?

சிந்தாமணி: மொதல்ல போர்டைப் பாருப்பா.

அறிவரசன்: ரெண்டு பேரும் ஒண்ணா சொல்றது இதான் மொதத் தடவை. …அப்பா, என்னா கனம். இந்த இரும்பு மெயின் சுச்சை இன்னும் வச்சிருக்கீங்களே. கைப்புடிய இழுத்தா லாரி கியர் மாதிரி இருக்கு.

லீலாவதி: மாமனாரு அரியலூரு போயி வாங்கியாந்தது. பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு வந்தாரு. சிமெண்டு லாரி தூசியோட வந்து எறங்குனாரு. எங்க மாமியா, என்னாங்க இது, மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டியான்னு கேட்டுச்சு.

அறிவரசன்: இந்தப் பலகை? தேக்கு மாதிரி இருக்கே.

சிந்தாமணி: தேக்குதான். கட்டில் பலகை.

அறிவரசன்: கட்டிலா?

சிந்தாமணி: மாமாவோட கல்யாணக் கட்டில். ஒரு காலு ஒடைஞ்சுபோச்சு. தலமாட்டுப் பலகையை வீணாக்கக் கூடாதுன்னு அறுத்து போர்டுக்கு வச்சுட்டாரு. மாமியா ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசல.

லீலாவதி: ஒரு வாரம் இல்ல. தீவாளி வரைக்கும் பேசல. அவுங்க அப்பறம் வாக்கப்பட்டு வந்தவங்க, அவுங்களுக்கு என்ன தெரியும்.

சிந்தாமணி: அப்பறம் வந்தாலும் ஒரே அடுப்புலதான் வெந்தோம்னு சொல்லு.

அறிவரசன்: நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஒயரைப் பாருங்க. துணி சுத்துன ஒயரு. தொட்டா பொடியா கொட்டுது. இதுலயா இத்தன நாளு ஓட்டுனீங்க? எர்த்து எங்க இருக்கு?

லீலாவதி: கொல்லையில. தொளசி மாடத்துக்குப் பின்னால குழி இருக்கு.

சிந்தாமணி: உப்பும் கரியும் போட்டு மூடுன குழி. தெனமும் காலையில ஒரு கொடம் தண்ணி ஊத்தணும். மாமா சாப்புட ஒக்காந்ததும் மொதக் கேள்வி, எர்த்துக்குத் தண்ணி ஊத்துனியா? சாமிக்கு வெளக்கு வச்சியான்னு கூட கேக்க மாட்டாரு.

லீலாவதி: ஒருத்தருக்கு நாலு நாளைக்கு ஒருவாட்டி மறந்துபோவும். கேட்டா ஊத்திட்டேன் மாமான்னு வாய் கூசாம சொல்லுவாங்க. நான் பின்வாசல் வழியா ஓடிப்போயி ஊத்திட்டு வரணும்.

சிந்தாமணி: அது எனக்குத் தெரியாதே.

லீலாவதி: தெரியாமத்தான ஊத்துனேன்.

அறிவரசன்: சரி சரி. இதுல ரெண்டு பீஸ் கட்டை இருக்கு. எது யாருது?

லீலாவதி: சோத்துக்கை பக்கம் எங்களுது. பீச்சாங்கை பக்கம் அவுங்களுது. வூட்டைப் பிரிச்சப்ப நடுவுல செவுரு வச்சோம். தெக்கால எனக்கு, வடக்கால அவுங்களுக்கு. போர்டு தெக்கால நடையில மாட்டிக்கிச்சு. அப்ப போர்டை மாத்த முடியல. அதனாலதான் செவுத்துல இந்தக் கதவை வுட்டோம்.

அறிவரசன்: கரண்டுக்காக ஒரு கதவு.

லீலாவதி: அவுங்க பக்கம் பீஸ் போனா வரணும்ல.

அறிவரசன்: வருவாங்களா?

சிந்தாமணி: பின்ன, இருட்டுலயா கெடக்க முடியும்? கதவைத் தட்டி, பீஸ் போயிடுச்சுன்னு சொல்லுவேன்.

அறிவரசன்: பெரியம்மாகிட்டயா?

சிந்தாமணி: கதவுகிட்ட.

அறிவரசன்: கதவுகிட்ட சொல்லுவீங்க.

சிந்தாமணி: ஆமா. கதவு தொறக்கும். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, கட்டையைப் புடுங்கி, கம்பியைக் கட்டி மாட்டிட்டுப் போயிடுவேன்.

அறிவரசன்: தனியாவா?

சிந்தாமணி: …டார்ச் புடிக்க ஆள் இருக்கும்.

அறிவரசன்: யாரு?

சிந்தாமணி: இருக்கும்ப்பா. நான் திரும்பிப் பாக்குறதில்ல.

லீலாவதி: திரும்பிப் பாத்தா கழுத்துச் சுளுக்கிக்கும்.

சிந்தாமணி: டார்ச் புடிச்சவுங்களும் வாயத் தொறந்ததில்லன்னு சொல்லு. வெளிச்சம் மட்டும் அங்கயும் இங்கயும் ஆடும்.

லீலாவதி: ஸ்டூல் ஆடுனா வெளிச்சமும் ஆடத்தான் செய்யும்.

அறிவரசன்: ஏன் பெரியம்மா, ஒங்க பக்கத்து பீஸ் போனா?

லீலாவதி: என்னுத நானே கட்டிக்குவேன்.

அறிவரசன்: அப்ப அவுங்களுதையும் நீங்களே கட்டிடலாம்ல? அவுங்க அங்கேர்ந்து வர வேண்டியதே இல்லயே.

லீலாவதி: நல்லா இருக்கே. அடுத்த வூட்டு சாமானை நான் எதுக்குத் தொடணும்?

அறிவரசன்: அதுவும் சரிதான். சின்னம்மா, ஒங்களுக்கு யாரு கத்துக் குடுத்தா? எங்கூட்டுல சுச்சைத் தொடவே பயப்படுவாங்க.

சிந்தாமணி: அவுங்கதான்.

அறிவரசன்: பெரியம்மாவா?

சிந்தாமணி: நான் வாக்கப்பட்டு வந்த வருசம். தெருவுலயே நம்ம வூட்டுலதான் டி.வி. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் படம். கூடத்துல ஒரு எடம் இருக்காது, தெருவே ஒக்காந்திருக்கும். படத்துல அந்தப் பொண்ணு வெசத்தைக் குடிக்கப்போறா. டப்புன்னு கரண்டு போச்சு.

லீலாவதி: அய்யய்யோன்னு ஒரே சத்தம். புள்ளைங்க அழுவுது. எதுத்த வூட்டு பாப்பாயி, இப்ப அவ குடிச்சாளா இல்லையான்னு என் முந்தானையைப் புடிச்சு இழுக்குறா.

சிந்தாமணி: ஆம்பளைங்க ஒருத்தரும் இல்ல. எல்லாரும் காட்டுல. அவுங்க என் கையப் புடிச்சு நடைக்கு இழுத்துக்கிட்டு வந்தாங்க. ஸ்டூல் மேல ஏத்திவுட்டாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் ஒதறுது. கருகிப்போனா என்னக்கா பண்றதுன்னேன்.

லீலாவதி: நீ கருகுனா நானும் கருகுறேன், ஏறுடின்னேன்.

சிந்தாமணி: மெயினை இழுத்து வுட்டுட்டு, டார்ச் அடிச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா சொல்லிக் குடுத்தாங்க. இங்க சுத்து, இங்க முறுக்கு, மிச்சத்தைக் கிள்ளு. மாட்டுனதும் பளிச்சுன்னு வந்துச்சு. கூடத்துல கை தட்டுனாங்க.

அறிவரசன்: அந்தப் பொண்ணு குடிச்சாளா?

லீலாவதி: அதுதான் தெரியல. நாங்க வர்றதுக்குள்ள கல்யாணம் நடந்துக்கிட்டிருந்துச்சு.

சிந்தாமணி: ராத்திரி மாமா வந்து, எந்தப் பயடா இவ்வளவு நேர்த்தியா கட்டுனதுன்னு கேட்டாரு. அவுங்க என்னையக் காட்டல. ஒங்க பெரிய மவன்தான்னு சொல்லிட்டாங்க. நான் கோவிச்சுக்கிட்டேன்.

லீலாவதி: சொல்லியிருந்தா, வந்த மருமவளை ஸ்டூல்ல ஏத்துனியான்னு என்னையில்ல வெளக்கமாத்தால அடிச்சிருப்பாங்க.

அறிவரசன்: எவ்வளவு பேசுறீங்க. என்னைய நடுவுல வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் இத்தன பேசுறீங்க. நேரா பேசுனா என்ன கொறைஞ்சுபோவும்?

லீலாவதி: வேலையப் பாருங்க தம்பி.

அறிவரசன்: பாக்குறேன். சின்னம்மா, ஒங்க பொட்டிய எங்க வைக்கிறது? வடக்கு செவுத்துல வைக்கவா?

சிந்தாமணி: அது வேணாம். ஓதம்.

லீலாவதி: ஆமா, ஐப்பசி மழையில அந்தச் செவுரு ஊறும்.

அறிவரசன்: வாசல் பக்கத்துச் செவுரு?

சிந்தாமணி: அங்க மாமா போட்டோ இருக்கு.

அறிவரசன்: கொஞ்சம் தள்ளி மாட்டிக்கலாமே.

சிந்தாமணி: மாமாவைத் தள்ளி வைக்கிறதா?

லீலாவதி: அதெல்லாம் ஆவாது.

அறிவரசன்: நீங்க ஏன் பெரியம்மா… சரி. அடுப்பங்கரைக்கு வெளிய?

சிந்தாமணி: எண்ணெப் புகை.

அறிவரசன்: சாமி ரூமு பக்கம்?

சிந்தாமணி: தீட்டோட எப்படித் தொடுறது?

அறிவரசன்: பின்ன எந்தச் செவுத்துலதான் வைக்கட்டும்? கூரையிலயா? புதுப் பொட்டி சின்னதுதான். இங்க பாருங்க, இதான் சுச்சு. லோடு அதிகமானா தானா கீழ வுழுந்துடும். மேல தூக்கிவுட்டா போதும். கம்பி கட்டுற வேலையே இல்ல. ஒங்க வூட்டுலயே இருக்கும், நீங்களே தூக்கிவுட்டுக்கலாம்.

சிந்தாமணி: அப்ப இங்க வர வேண்டியதே இல்ல.

அறிவரசன்: எதுக்கு வரணும்?

சிந்தாமணி: …அதான் கேட்டேன்.

லீலாவதி: தம்பி, அந்த சுச்சை கையால எறக்குனாலும் எறங்குமா?

அறிவரசன்: எறங்கும். ஏன்?

லீலாவதி: சும்மா கேட்டேன்.

அறிவரசன்: அதுசரி, வாசல்ல செங்கல்லு அடுக்கியிருக்கே. என்ன கட்டப் போறீங்க?

லீலாவதி: இந்தக் கதவைத்தான். அடைக்கணுமாம். போர்டு போயிட்டா கதவு எதுக்குன்னு புள்ள சொல்றான். இந்த நடையையும் சேத்துத்தான் ஏசி ரூமு. கதவு இருந்தா குளுரு அந்தப் பக்கம் போயிடுமாம். கொத்தனாரு நாளைக்கு வரான்.

சிந்தாமணி: …நாளைக்கா?

லீலாவதி: பெரம்பலூர்லேர்ந்து போன்லயே எல்லாத்தையும் முடிவு பண்ணிடுறான். எனக்கு ஏசி வேணும்னு நான் கேக்கல. ஒனக்கு மூச்சு வாங்குதும்மா, ராத்திரியில தூங்க மாட்டேங்குறன்னு அவனும் மருமவ கவிதாவும் வாங்கிக் குடுத்துட்டாங்க. நல்ல புள்ளைங்கதான். வேணாம்னு எப்படிச் சொல்றது?

சிந்தாமணி: நல்லதுதான்னு சொல்லுப்பா. கதவை அடைச்சா பெருச்சாளி வராது.

லீலாவதி: ஆமா. பெருச்சாளி வராது.

அறிவரசன்: …ரெண்டு பேரும் நல்லதுன்னு சொல்றீங்க. மூஞ்சியப் பாத்தா எழவு வூட்டுல நிக்கிற மாதிரி இருக்கு. அந்தப் பத்திரிகை கதைதான் என்ன? சொன்னாத்தான் வேலையத் தொடுவேன்.

சிந்தாமணி: இளவரசன் கல்யாணப் பத்திரிகை. தங்கள் நல்வரவை விரும்பும்னு கீழ வரிசையா பேரு போடுவாங்கல்ல. மாமன் பேரு இருக்கு, மச்சான் பேரு இருக்கு, கீழப்பழுவூருல இருக்குற ஒண்ணுவிட்ட பங்காளி கருப்பண்ணன் பேரு இருக்கு. சொந்தச் சித்தப்பன் பேரைக் காணும். தூக்கி வளத்த சித்தப்பன். திருவிழாவுல தோள்ல ஒக்கார வச்சுக்கிட்டுப் போன சித்தப்பன்.

லீலாவதி: பிரஸ்காரன் வுட்டுட்டான். எழுதிக் குடுத்ததுல மொதப் பேரே அதான்.

சிந்தாமணி: அச்சடிச்சு வந்ததும் பாத்திருக்கணும்ல.

லீலாவதி: பாத்தேன். திரும்ப அச்சடிக்க நாளில்ல. சரி, கல்யாணத்தன்னிக்கு மேடையில மொத ஆளா ஏத்திடுவோம்னு நெனச்சேன். அதுக்குள்ள இவுங்க என்ன பண்ணாங்க கேளுங்க. வந்தாங்க, மொய்ய வச்சாங்க, பந்தியில ஒக்காராம போயிட்டாங்க. என் புள்ள கல்யாணத்துல கை நனைக்கல. பாயசத்தைத் தூக்கிக்கிட்டு நான் ரோடு வரைக்கும் ஓடுனேன். பஸ்ஸு போயிடுச்சு.

சிந்தாமணி: …பாயசத்தோட ஓடி வந்தீங்களா?

லீலாவதி: பரிமாறுற வாளியோட.

அறிவரசன்: சின்னம்மா, இப்ப யாருகிட்ட பேசுனீங்க?

சிந்தாமணி: ஒங்கிட்டத்தான்.

அறிவரசன்: நான் எங்கயும் பாயசத்தோட ஓடலயே. …சரி, மெயினு எறங்கித்தான் இருக்கு. இப்ப கட்டையப் புடுங்குறேன். இது பெரியம்மாவுது. ம்ம், நல்லா கறுத்துக் கெடக்கு. நெறையத் தடவ எரிஞ்சிருக்கு. பீங்கான்ல செம்பு தெறிச்சு ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க.

லீலாவதி: அது எரியும். கிரைண்டரு போட்டா போவும்.

அறிவரசன்: இது சின்னம்மாவுது. …என்ன இது?

லீலாவதி: என்ன?

அறிவரசன்: ஒண்ணும் இல்ல. சின்னம்மா, ஒங்க பீஸ் அடிக்கடி போவுமா?

சிந்தாமணி: போவும்.

அறிவரசன்: எப்பல்லாம்?

சிந்தாமணி: அதுக்கு நேரங்காலம் கெடையாது. பொங்கலுக்குப் போவும். ஆடிப் பதினெட்டுக்குப் போவும். எம்மவ பிரவீணா புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தா அன்னிக்குக் கட்டாயம் போவும். புள்ளையும் இடுப்புல ஒக்காந்துக்கிட்டு எங்கூட வரும்.

அறிவரசன்: நாளு கெழமை பாத்துப் போற பீஸை நான் இப்பத்தான் பாக்குறேன்.

சிந்தாமணி: ஒரு மாசி மாசம் தெனமும் போச்சு. காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி.

லீலாவதி: அது நான் சிக்குன்குனியாவுல கெடந்தப்ப. கையும் காலும் முடங்கிப்போச்சு. புள்ளைக்கு லீவு கெடைக்கல. யாரோ பீஸ் கட்ட வருவாங்க, ஸ்டூல்ல ஒரு சொம்பை மறந்து வச்சுட்டுப் போயிடுவாங்க. தொறந்து பாத்தா நொய்யரிசிக் கஞ்சி, சூடா இருக்கும். அடுத்த வேளைக்கு வந்து காலிச் சொம்பை எடுத்துக்கிட்டு, வேற சொம்பை மறந்து வச்சுட்டுப் போவாங்க.

சிந்தாமணி: அவுங்க மட்டும் என்னவாம். அந்த மாசம் பூரா கதவுக்குத் தாழ்ப்பாளே போடல.

லீலாவதி: எந்திரிச்சுப் போட முடியல.

சிந்தாமணி: சரி.

அறிவரசன்: இருங்க, இருங்க. இந்தக் கட்டையைப் பாருங்க ரெண்டு பேரும். வெள்ளை வெளேர்னு இருக்கு. பீஸ் எரிஞ்சா கொஞ்சமாவது கறுக்கும். இதுல ஒரு பொட்டுக் கரி இல்ல. உள்ள இருக்குற கம்பி பழசு, பச்சையே புடிச்சுப்போச்சு. பல வருசமா இதே கம்பிதான் இருக்கு. ஆனா கட்டையச் சொருகுற இந்தப் பித்தளைக் காதைப் பாருங்க, புடுங்கிப் புடுங்கி மாட்டி தேஞ்சு பளபளன்னு இருக்கு. இது எரியவே இல்ல. யாரோ இதைக் கழட்டி லூசு பண்ணிவுட்டிருக்காங்க. போர்டு இருக்குறது இந்தப் பக்கம். தாழ்ப்பாளும் இந்தப் பக்கம். அடுத்த வூட்டு சாமானைத் தொட மாட்டேன்னு சொன்னவுங்க யாரு பெரியம்மா?

லீலாவதி: பெருச்சாளியா இருக்கும்.

அறிவரசன்: பெருச்சாளி ஸ்டூல் போட்டு ஏறுச்சா?

லீலாவதி: ஒனக்கு ஏன்ப்பா இந்த வம்பு. பழசைக் கழட்டுனமா, புதுசை மாட்டுனமான்னு போவியா.

அறிவரசன்: அட, என்னைய ஒருமையில பேச ஆரம்பிச்சுட்டீங்க. அப்ப பெருச்சாளி நீங்கதான்.

லீலாவதி: …நாளு கெழமையும் அதுவுமா தனியா ஒக்காந்துக்கிட்டு என்ன பண்றது? செவுத்துக்கு அந்தப் பக்கம் தாளிக்கிற வாசம் வருது. புள்ள சிரிக்கிற சத்தம் கேக்குது. கூப்புட வாய் வரல. ஒரு இழுப்பு இழுத்து வுட்டா கதவைத் தட்டுவா. டார்ச்சைப் புடிச்சுக்கிட்டு செத்த நேரம் பக்கத்துல நிக்கலாம். அவ்வளவுதான். திருட்டுத்தனம்தான். போயி ஊரெல்லாம் சொல்லு.

அறிவரசன்: நான் எதுக்குச் சொல்றேன். சின்னம்மா, கேட்டீங்களா? அவுங்ககிட்ட என்ன சொல்லட்டும்?

சிந்தாமணி: நீ ஒண்ணும் சொல்ல வேணாம். …அக்கா. கட்டையப் புடுங்கிப் பாக்குறது நான்தான? கம்பி எரிஞ்சிருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? ஒங்ககிட்ட கத்துக்கிட்டவ நான்.

லீலாவதி: அப்ப…

சிந்தாமணி: மொத வாட்டியே தெரியும். முழுக் கம்பியை வச்சுக்கிட்டு, கட்டுற மாதிரி அஞ்சாறு சுத்து விரலைச் சுத்திக்கிட்டு நிப்பேன். பட்டப்பகல்ல நீங்க டார்ச் புடிச்சுக்கிட்டு நிப்பீங்க. சூரியன் நடையில வுழுவுது, இவுங்க பேட்டரியத் தீக்குறாங்களேன்னு சிரிப்பா வரும். பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பேன்.

லீலாவதி: தோளு குலுங்கும். கரண்டுக்குப் பயந்து ஒதறுறான்னு நெனச்சேன்.

சிந்தாமணி: சிரிப்பை அடக்குனது.

லீலாவதி: அடிப்பாவி.

அறிவரசன்: எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் தெரியும். பின்ன எதுக்கு இத்தன வருசம் இந்தக் கூத்து? வாங்க, ஒக்காருங்கன்னு ஒரு வார்த்தை போதுமே.

சிந்தாமணி: அந்த ஒரு வார்த்தைய யாரு மொதல்ல சொல்றதுங்கறதுதாம்ப்பா சண்டையே. பீஸ் போயிடுச்சுன்னு சொல்றதுல யாரு மானமும் போவல.

லீலாவதி: தம்பி.

அறிவரசன்: சொல்லுங்க பெரியம்மா. யாருகிட்ட சொல்லணும்?

லீலாவதி: ஒங்ககிட்டயேதான். அவ பொட்டியையும் இந்தப் பலகையிலயே மாட்டிட முடியுமா?

அறிவரசன்: பலகை உளுத்துப்போவல, நல்லாத்தான் இருக்கு. ஆனா மரத்துல மாட்டக் கூடாது. பலகைய எடுத்துட்டு செவுத்துலயே பக்கத்துப் பக்கத்துல ரெண்டையும் மாட்டிடுறேன். ஒயரை மட்டும் அந்தப் பக்கம் இழுத்துக்கலாம். ஆனா ஒங்க மவன்…

லீலாவதி: அவனுக்கு நான் பேசிக்குறேன். அந்தச் செவுரு ஓதம், இந்தச் செவுத்துல மாமா போட்டோ, எடமே இல்லன்னு சொல்லிடுறேன்.

அறிவரசன்: கதவு?

லீலாவதி: போர்டு இருந்தா கதவு வேணும்ல. சுச்சு எறங்குனா அவ எப்படி வருவா?

அறிவரசன்: ஏசி குளுரு அந்தப் பக்கம் போயிடுமே.

லீலாவதி: போவட்டும். அவ வூட்டுலயும் வெக்கைதான்.

சிந்தாமணி: செங்கல்லு?

லீலாவதி: தொளசி மாடம் பொரிஞ்சு கெடக்குல்ல. அதைக் கட்டிக்கலாம். எர்த்து குழியச் சுத்தியும் ஒரு வரி செங்கல்லு வச்சுக்கலாம்.

சிந்தாமணி: அந்தப் பலகைய எனக்குக் குடுங்கக்கா.

லீலாவதி: எதுக்கு?

சிந்தாமணி: மனை பண்ணி வச்சுக்குறேன். பிரவீணா மவளுக்குக் காது குத்துறப்ப ஒக்கார வைக்க.

லீலாவதி: பத்திரிகை அடிப்பீங்களா?

சிந்தாமணி: அடிப்போம். ஒங்க பேரை வுட்டுட்டுத்தான் அடிப்போம்.

லீலாவதி: அடிங்க, அடிங்க. நான் பந்தியில மொத வரிசையில ஒக்காந்து தின்னுட்டுத்தான் போவேன். ஒன்னாட்டம் ஓட மாட்டேன்.

அறிவரசன்: தின்னுறதுன்னதும் ஞாவகம் வருது. எனக்குச் சோறு எந்த வூட்டுல?

லீலாவதி: இங்கதான். கத்திரிக்கா முருங்கக்கா போட்டு கொழம்பு வச்சிருக்கேன். கைய கழுவிட்டு ஒக்காருங்க தம்பி. …சிந்தா, நீ எங்க போற?

சிந்தாமணி: ஒல வச்சுட்டு வந்தேன்…

லீலாவதி: மெயினை எறக்குறதுக்கு முன்னாடியே அடுப்பை நிறுத்திட்டேன்னு நீதான சொல்லிட்டு வந்த.

சிந்தாமணி: மிக்சியத்தான் நிறுத்துனேன்னு சொன்னேன்.

லீலாவதி: ஒக்காரு. ஒனக்கும் சேத்துத்தான் எல நறுக்கியிருக்கேன். காலையிலயே நறுக்கிட்டேன். புள்ள கல்யாணத்துல நனைக்காத கைய இன்னிக்கு நனை. பாயசமும் இருக்கு.

சிந்தாமணி: …பாயசம் எதுக்கு வச்சீங்க?

லீலாவதி: கதவை அடைக்கப் போறாங்களே, கடைசியா ஒருவாட்டி பீஸ் போவட்டும்னு நெனச்சேன். போனா நீ வருவ. வந்தா குடுத்துடலாம்னு வச்சேன். காலையில ஸ்டூலைக்கூட போட்டேன். அதுக்குள்ள இந்தத் தம்பி வந்துட்டாரு.

அறிவரசன்: நான் செத்த நேரம் கழிச்சே வந்திருக்கலாம்.

லீலாவதி: ஒரு சந்தேகம் சிந்தா. மனசுல ரொம்ப நாளா இருக்கு. கேக்கவா?

சிந்தாமணி: கேளுங்கக்கா.

லீலாவதி: பொங்கலுக்கும் ஆடிக்கும் புடுங்குனது நான். ஒத்துக்கறேன். சிக்குன்குனியாவுல கெடந்தப்ப கொல்லைக்குப் போறதுக்கே செவுத்தைப் புடிச்சுக்கிட்டுப் போனேன். ஸ்டூல்ல எங்கேர்ந்து ஏறுறது? நான் தொடவே இல்ல. வூட்டுல வேற ஆளும் இல்ல. ஆனா நீ தெனமும் ரெண்டு வேளை, பீஸ் போயிடுச்சுன்னு வந்து நின்ன. அந்த மாசம் பூரா ஒன் பக்கத்துக் கட்டைய யாருடி புடுங்குனது?

சிந்தாமணி: யாரும் புடுங்கலக்கா. எங்கூட்டுல ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.